வாடி வீடில்லை

மொழிபெயர்க்க உட்காருகிறவளுக்கு முதல் பாடம் 'நான்' என்று சொல்லப் பழகுவதுதான். "அவர் வரமாட்டாராம்" என்று சொல்லக்கூடாது. "நான் வரமாட்டேன்" என்று அவராகவே இருந்து சொல்ல வேண்டும். பிரதேச சபையில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்த புதிதில் இது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரே காலைப்பொழுதில் வடிகான் வெட்டித் தரச்சொல்லும் கடைக்காரராகவும், அதற்கு இந்த வருடம் வழியில்லை என்று சொல்லும் செயலாளராகவும், அந்த வடிகான் தன் காணிக்குள்ளால் போகக்கூடாது என்று அழும் விதவையாகவும் இருந்துவிட்டு, மத்தியானம் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது யாராக இருந்து சாப்பிடுவது என்று ஒரு கணம் தடுமாறியிருக்கிறேன். பிறகு பழகிவிட்டது. சிங்களம் காதால் வரும், தமிழ் வாயால் போகும். நடுவில் நான் இருந்தேனா என்று எனக்கே தெரியாது. கண் திறந்திருக்கும் ஒருவகை நித்திரை அது.

சில வருடங்களுக்கு முன் எங்கள் சபைக்கு ஒரு புது வேலை வந்தது. கரையோரத்தில் காற்றாலைகள் ஏற்கெனவே ஒரு வரிசை நின்றன. இன்னொரு வரிசை வரப்போவதாகக் கதை அடிபட்டது. மின்சாரத்துக்கு அனுமதி கொடுப்பது கொழும்பு. ஆனால் எங்கள் எல்லைக்குள் எந்த நிலத்தில் அவற்றை வைக்கலாம், எதில் கூடாது, வீடுகளிலிருந்து எவ்வளவு தூரம் தள்ள வேண்டும், களப்பிலிருந்து எவ்வளவு, கரைவலை இழுக்கும் இடங்களான பாடுகளை என்ன செய்வது என்று சபையும் ஒரு கொள்கை எழுதி வைத்துக்கொள்ள வேண்டுமாம். அதை எழுதித் தருவதற்கு, நகரத் திட்டமிடல் படித்த ஒரு பெண்ணைக் கொழும்பிலிருந்து அனுப்பினார்கள்.

உயரமான பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. பெரிய ஓலைத் தொப்பி ஒன்றைத் தாடைக்குக் கீழே சீலைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருப்பாள். தமிழ் தெரியாது. நான் அவளை மிஸ் என்றேன், அவள் என்னை அக்கா என்றாள். அந்த ஒரு சொல்லை மட்டும் மொழிபெயர்க்கத் தேவையில்லாமல் இருந்தது, சிங்களத்திலும் அக்கா அக்காதான்.

நாங்கள் முதன்முதல் கரைக்குப் போனது சோழகக்காற்று உரத்து வீசும் ஆடி மாதத்தில். சபையின் கெப் வாகனம் ஒரு தென்னந்தோப்பு வரைக்கும்தான் போகும். அதற்கப்பால் மணல். நடந்தோம். காற்று நேராக நடக்க விடவில்லை. கணுக்கால் உயரத்துக்கு மணல் புகைபோல ஓடிக்கொண்டே இருந்தது, எங்கள் கால்கள் அந்தப் புகைக்குள் மறைந்து, முழங்காலிலிருந்துதான் தொடங்கினோம். கரைக்குப் பின்புறமாக, வடக்கு நோக்கிக் காற்றாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று சுற்றின. கடைசிக் கோபுரத்தின் நிழல் மணலில் ஒரு நீளக் கோடாக விழுந்திருக்க, அந்தக் கோட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு கழுதைகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக, கியூவில் நிற்கிற மாதிரி நின்றன. வெயில் நகர நகர அவையும் ஓரடி ஓரடியாக நகர்ந்தன. மிஸ் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே படம் எடுத்தாள்.

கரையோரம் நெடுக வாடிகள். தென்னோலைக் கிடுகும் தகரமும் நீலத் தறப்பாளுமாக மீன்பிடிகாரர் கட்டிக்கொள்ளும் கொட்டில்கள். எல்லாம் மூடிக்கிடந்தன. கதவுகள் நைலோன் கயிற்றால் கட்டியிருந்தன, வாசலில் பாதி உயரத்துக்கு மணல் ஏறியிருந்தது. ஒரு சனமும் இல்லை.

மிஸ் கையிலிருந்த திரையைப் பார்த்தாள். "இந்தக் கரையில் வீடு எதுவும் இல்லை, அக்கா. வீடு இருக்கிற இடம் சிவப்பு. வைக்கக்கூடிய இடம் பச்சை. இதைப் பச்சையாக்கலாம் போலிருக்கு."

நான் ஒரு வாடியின் ஓலை இடுக்கால் எட்டிப் பார்த்தேன். உள்ளே அடுப்புக் கற்கள் மூன்றும் ஒரு மூலையில் ஒதுக்கி, சாக்கால் மூடி, சாக்கு பறக்காமல் மேலே ஒரு உரல் வைத்திருந்தது. சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, துணியால் போர்த்தியபடி.

"இவர்கள் திரும்பி வருவார்கள்," என்றேன். "இந்தக் காற்றில் இங்கே கடலுக்கு இறங்க முடியாது. குடும்பத்தோடு கிழக்குக் கரைக்குப் போய்விடுவார்கள். காற்று மாறியதும் வருவார்கள்."

மிஸ் கவிழ்த்து வைத்திருந்த ஒரு வள்ளத்தின் மேல் உட்கார்ந்தாள். தொப்பியின் விளிம்பு படபடவென்று அடித்தது.

"அப்படியென்றால் காற்று இருக்கும்போது மனிதர்கள் இல்லை," என்றாள். "மனிதர்கள் இருக்கும்போது காற்று இல்லை."

"வாடைக்காற்றிலும் இது சுற்றும். மெல்லச் சுற்றும்."

"நான் அதைப் பார்க்க வேண்டும்," என்றாள். திரையில் அந்த நீளக் கரையைச் சிவப்பும் ஆக்காமல் பச்சையும் ஆக்காமல் வெள்ளையாகவே விட்டாள். சபையில் அவசரப்படுத்தினார்கள். அவள் அசையவில்லை. காற்று மாறும்வரைக்கும் களப்புப் பக்கத்தையும் தோட்டப் பக்கத்தையும் பார்த்து முடித்தாள். நான் கூடவே போனேன். கனமூலைப் பக்கத்தில் வெங்காயம் போடுகிறவர்களோடு அவள் கதைத்தபோதும், களப்பின் நடுவே படகை நிறுத்திவிட்டுப் பறவைகள் எந்த வழியாகப் போகின்றன என்று கேட்டபோதும் நான் அவளாகவும் அவர்களாகவும் இருந்தேன்.

மழை விட்டபிறகு போனோம். அதே கரைதானா என்று இருந்தது. மணலில் வலைகள் விரித்துக் கிடந்தன. கருவாட்டுப் பாய்கள், பிளாஸ்டிக் கூடைகள், கொடியில் பள்ளிக்கூடச் சட்டைகள், வானொலிச் சத்தம். கடல் பால்போலக் கிடந்தது. அன்று விடிய முன்னமே போயிருந்தோம், ஏனென்றால் கோபுரங்கள் நிற்பது வாடிகளுக்குக் கிழக்கே, நிழல் விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் சூரியன் ஏறும் நேரத்தில் அங்கே இருக்க வேண்டும்.

பழைய வரிசையின் கடைசிக் கோபுரத்துக்குக் கிட்ட இருந்த வாடியில் உடப்பு என்ற ஊரைச் சேர்ந்த ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். நான் ஆடியில் எட்டிப் பார்த்த வாடிதான். மனைவிக்கு ஐம்பது வயதிருக்கும், நான் அவளை அக்கா என்றேன். ஒரு வார்த்தையும் கேட்காமல் எங்களுக்கு இஞ்சி போட்ட பிளேன்டீ ஊற்றித் தந்து, உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் வைத்தாள். மிஸ் அதை என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். நக்கிக்கொண்டு குடிக்க வேண்டும் என்று காட்டினேன்.

அப்போதுதான் சூரியன் வந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வாடியின் சுவரில் ஏதோ கடந்துபோன மாதிரி இருந்தது. ஒரு பெரிய பறவையின் செட்டை போல. திரும்பவும். கேத்தலின் மேல், பாயின் மேல், அக்காவின் முகத்தின் மேல், வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு, அவசரமே இல்லாமல். எல்லாப் பொருட்களும் மூச்சு விடுகிற மாதிரி இருந்தன. மிஸ் கோப்பையைக் கையில் வைத்தபடி குடிக்காமல் இருந்தாள். நானும் எதையும் மொழிபெயர்க்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமென்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

"இதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க, அக்கா?" என்று நான்தான் கடைசியில் கேட்டேன். கொள்கையின் தமிழ்ப் பிரதியில் இதற்கு ஒரு சொல் போட வேண்டியிருந்தது.

"என்ன சொல்றது, ஒண்டும் சொல்றதில்ல. முதல் வருசம் தலையைச் சுத்திக்கொண்டு வந்திச்சு. இப்ப இந்த நேரம் கடல் பக்கம் திரும்பி இருந்துகொள்ளுவன்."

நான் 'நிழலாட்டம்' என்று எழுதிக்கொண்டேன்.

கணவன் வலையில் சிக்கிய பாசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அவரிடம் மிஸ் சத்தத்தைப் பற்றிக் கேட்டாள்.

"சத்தம் பரவாயில்ல. கடல் அதை மூடிப்போடும்," என்றார். "நித்திரையில அது நிண்டா, அப்பத்தான் எனக்கு முழிப்பு வருது."

"இதற்குத் தெற்கே இன்னும் ஒரு வரிசை வந்தால்?"

"வரட்டும் மிஸ். அது வந்தா ரோட்டும் வரும், ஐஸ் லொறி இஞ்ச மட்டும் வரும். நாங்க வேணாமெண்டு சொல்லல்ல. முதுகில நிக்க வேணாம். கொஞ்சம் தள்ளி நிக்கட்டும்."

மிஸ் இதைக் கேட்டுத் தலையாட்டினாள். எவ்வளவு தள்ளி என்பதுதான் அவளுடைய முழுக் கேள்வியும். வீடு என்றால் கொள்கையில் அதற்கொரு தூரம் இருந்தது. வெறும் காணி என்றால் தூரம் கிடையாது. வாடி எதில் சேரும் என்று எந்தக் கொள்கையிலும் இல்லை.

அதைத் தீர்மானிக்கச் சபை மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். கொள்கைக்கென்று சபை அமைத்த குழுவின் தலைவர் மேடையில் இருந்தார். உறுப்பினர்கள், புது வரிசையைப் போடவிருந்த கம்பனியின் உத்தியோகத்தர் ஒருவர், தென்னந்தோப்புச் சொந்தக்காரர்கள், பின்வரிசையில் கரையிலிருந்து வந்த சனம். ஆண்கள் கடலுக்குப் போயிருந்ததால் அந்த அக்காதான் வந்திருந்தாள். நல்ல நாள் சேலை கட்டி, பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் இருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டுக்கொண்டேன்.

மிஸ் வரைபடத்தைச் சுவரில் காட்டினாள். வெள்ளையாக விட்ட கரைக்கு வந்தபோது தலைவர் கையை உயர்த்தினார். அவர் பொல்லாத மனிதரில்லை. இதை எப்படி எழுதுவதென்று உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

"இது வீடில்லையே. தற்காலிகக் கொட்டில்தானே. தற்காலிகமாக இருப்பதை எப்படி வீடென்று எழுதுவது?" பிறகு அக்காவைப் பார்த்தார். "அம்மா, நீங்களே சொல்லுங்க. அது உங்களுக்கு வீடா?"

நான் தமிழில் கேட்டேன். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "வருசத்தில பாதி நாங்க அங்கதான் கிடக்கிறம்."

நான் எழுந்து சிங்களத்தில் அதைச் சொன்னேன். "வருடத்தில் பாதி நான் அங்கேதான் இருக்கிறேன்." அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். 'தற்காலிகம்' என்ற அந்தச் சொல் மட்டும் காதைவிட்டுப் போகாமல் நின்றது. வாய் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தது.

"நான் கிடுகுக் கொட்டிலில்தான் வளர்ந்தேன். தற்காலிகம் என்றுதான் அதையும் சொன்னார்கள். கொஞ்ச நாளைக்கு என்றார்கள். அங்கேதான் நான் எழுதப் படித்தேன். என் தங்கச்சி அங்கேதான் பிறந்தாள். ஒரு காற்றுக்காலத்தில் கூரை பறந்துபோய், நாங்கள் நாலுபேரும் ஒரு தறப்பாளின் நாலு மூலையையும் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்றோம். என் அப்பா அந்தக் கொட்டிலில்தான் கண்ணை மூடினார். ஒரு மனிதர் செத்துப்போன இடத்தை வீடென்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வீர்கள்?"

எழுத்தர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். தலைவர் அக்காவை நோக்கி மெல்லத் தலை தாழ்த்தினார். முன்வரிசையில் ஒரு உறுப்பினர் திரும்பி அவளைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார். எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். நான் 'நான்' என்று சொன்னால் அது நானில்லை என்று அந்த மண்டபம் இத்தனை வருடமாகப் பழகியிருந்தது. ஒருவருக்கும் தெரியவில்லை. நான் கதிரையில் இருந்தேன், ஏதோ தூரத்துக் கரையிலிருந்து நீந்தி வந்த மாதிரி.

"வாடிகளை வீடுகளாகவே எழுதிக்கொள்வோம்," என்றார் தலைவர். தேநீருக்குக் கூட்டம் கலைந்தது.

வெளி விறாந்தையில் அக்கா என் முழங்கையைப் பிடித்தாள்.

"தங்கச்சி, அது உங்கட வாப்பாவா?"

நான் அவளைப் பார்த்தேன்.

"எனக்குச் சிங்களம் கதைக்கத்தான் வராது, விளங்கும்," என்றாள். "மீன் விக்கிறது முழுக்க சிங்கள முதலாளிமாரோடதானே."

"ஓம்," என்றேன். "எங்கட வாப்பா."

"வடக்கால வந்த ஆக்களா?"

"ஓம். முஸ்லிம் சனத்த வடக்கால வெளியேத்தின நேரம் தில்லையடி முகாமுக்கு வந்தம். நான் அப்ப சின்னப் புள்ள."

அவள் என் முழங்கையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு அவள் வாய்க்கோடியில் ஒரு சிரிப்பு வந்தது. "என்ட அப்பா உடப்பில உசிரோட இருக்கார், தங்கச்சி. காலைல ரெண்டு றாத்தல் பாண் சாப்பிடுறார். இப்ப கந்தோர்ல அவர் செத்துட்டார் எண்டு எழுதிட்டாங்க."

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணையும் துடைத்தேன்.

"அது பரவாயில்ல," என்றாள் அவள், குரல் மாறி. "ஆனா வீடு எண்டு எழுதினதுதான் பிழை. அதை மாத்தச் சொல்லுங்க."

"ஏன் அக்கா? வீடெண்டாத்தானே தூரத் தள்ளுவாங்க?"

"எங்கட வீடு உடப்பில இருக்கு. கல்வீடு. இது வாடி. கரையில வீடு கட்ட ஏலாதெண்டு வேற சட்டம் இருக்கு, உங்களுக்குத் தெரியாதா? வாடி எண்டபடியாத்தான் பேசாம விட்டிருக்காங்க. நாளைக்கு வேற ஒரு கந்தோர்க்காரர் இந்தக் கடதாசியைக் கொண்டுவந்து, இஞ்ச வீடு கட்டியிருக்கிறீங்க, உடையுங்க எண்டு சொன்னா? அதுவும் இல்லாம, இது பிடுங்கி நட ஏலுமான சாமான். மணல் போனா நாங்க அங்கால போவம். வீடெண்டா அப்படிப் போக ஏலுமா? வாடிவீடு எண்டா பெரிய ஆக்கள் வந்து தங்குற இடம். எங்கடது வெறும் வாடி."

மிஸ் தேநீரோடு வெளியே வந்தாள். அவள் தங்கியிருந்ததும் நகரத்து வாடிவீட்டில்தான். நான் அவளிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். எந்த வசனம் வரைக்கும் அக்காவுடையது, எங்கிருந்து என்னுடையது என்று சொன்னேன். அவள் முகம் சிவந்தது. கோபமா என்று நினைத்தேன். கோப்பையைச் சுவரில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"நான் யோசித்தேன்," என்றாள். "இந்த அம்மா இவ்வளவு சுருக்கமாகச் சொன்னது சிங்களத்தில் எப்படி இவ்வளவு நீளமாச்சு என்று."

மூன்று பேரும் விறாந்தைச் சுவரில் இருந்தோம். அக்கா சொன்னதை நான் முழுக்க, ஒன்றும் கூட்டாமல், மிஸ்ஸுக்குச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டாள். "அப்போது கட்டடத்தை விட்டுவிடுவோம்," என்றாள். "தூரத்தைக் கட்டடத்திலிருந்து அளக்க வேண்டாம். மனிதர்கள் எங்கே தூங்குகிறார்களோ அங்கிருந்து அளப்போம். பருவத்துக்குப் பருவம் மனிதர் உறங்கும் இடம். வீடென்றும் எழுத வேண்டியதில்லை, வெறும் நிலமென்றும் எழுத வேண்டியதில்லை."

நான் அதைத் தமிழில் சொன்னேன். அக்கா யோசித்தாள். "கிடக்கிற இடம்," என்றாள். "ஓம். அது சரி. அதுக்கு ஒருத்தரும் வந்து உடைக்கச் சொல்ல ஏலாது."

கூட்டம் திரும்பத் தொடங்கியதும் நான் எழுந்து நின்றேன். இந்த முறை யாருடைய வார்த்தையும் எனக்கு முன்னால் இருக்கவில்லை. என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அம்மா சொன்னது முதல் வசனம் மட்டும்தான், மிச்சம் என்னுடையது, அதைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றேன். அவருடைய அப்பா சுகமாக இருக்கிறார் என்றும் சொன்னேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார், அந்த மண்டபத்தில் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல. "உங்களுடைய அப்பாவா?" என்று கேட்டார்.

"ஓம் சேர்."

"எழுத்தர் அதை எடுத்துவிடட்டும்," என்றார். பிறகு, "எங்கள் காதிலிருந்து எடுக்க முடியாது," என்றார். மிஸ் எழுந்து புது வசனத்தை வாசித்தாள். கம்பனி உத்தியோகத்தர் அந்தத் தூரத்தை வரைபடத்தில் போட்டுப் பார்த்து, வரிசை உள்ளே முட்பற்றைப் பக்கமாகத் தள்ளிப்போகும், கம்பி இழுக்கும் செலவு கூடும் என்றார். தோப்புச் சொந்தக்காரர்களில் இரண்டு பேர் கோபப்பட்டார்கள், அவர்கள் கோபுரங்களுக்குத் தங்கள் கரைப்பக்கக் காணிகளைக் குத்தகைக்குக் கொடுக்கக் காத்திருந்தவர்கள். நான் அவர்களாகவும் இருந்து கோபப்பட்டேன். கடைசியில் மிஸ்ஸின் வசனம் நிலைத்தது.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது உம்மா குசினியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. எங்களுடையது இப்போது ஓட்டு வீடு. நான் கைப்பையைக்கூட வைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா புடைப்பதை நிறுத்தவில்லை.

"வாப்பாவ சிங்களத்தில என்னெண்டு சொன்ன?"

"தாத்தா எண்டுதான் உம்மா. அப்பாவ அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

உம்மா சுளகை மடியில் வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினா. "இஞ்ச அடுத்த வீட்டுப் புள்ளைகள் கூடப் பிறந்த மூத்த ராத்தாவையெல்லோ தாத்தா எண்டு கூப்பிடுதுகள். மனிசனப் பொம்பிளையாக்கிப்போட்டியே." சிரித்துச் சிரித்துப் புரைக்கேறியது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, சுளகைத் திரும்ப எடுத்து, கல் ஒன்றைப் பொறுக்கி வெளியே எறிந்தா. "கொஞ்ச நாளைக்கு எண்டுதான் சொன்னாங்க," என்றா. பிறகு, "அவர் இருந்திருந்தா நீ கதைச்சதக் கேட்டுப் பயந்திருப்பார்," என்றா.

கொள்கை வந்தது. மிஸ் எழுதியதெல்லாம் அதில் இருக்கவில்லை. களப்பின் மேலால் பறவைகள் போகும் பாதைக்கு அவள் கேட்ட அகலத்தைப் பாதியாக்கிவிட்டார்கள். அதற்காக அவள் கவலைப்பட்டாள், விடைபெறும் நாளில்கூட அதைத்தான் கதைத்தாள். ஆனால் "பருவத்துக்குப் பருவம் மனிதர் உறங்கும் இடம்" அப்படியே இருந்தது, இரண்டு மொழியிலும். கரையில் ஒவ்வொரு வாடிக்கும் ஒரு சின்ன மஞ்சள் புள்ளி வைத்து, புள்ளியிலிருந்து தூரம் அளந்திருந்தார்கள். புது வரிசை முட்பற்றைக்குள் தள்ளி எழுந்தது. அதற்கு இரண்டு சோழகத்துக்குப் பிறகு கடல் அந்தக் கரையைத் தின்றது. அக்கா சொன்னபடி மணல் போனது. அவர்கள் வாடியைப் பிடுங்கி வடக்கே கொண்டுபோய் நட்டார்கள். வரைபடத்தில் அவர்களுடைய மஞ்சள் புள்ளி இப்போது தண்ணீரில் இருக்கிறது. கொஞ்சம் கடலும் எங்கள் கொள்கையால் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. திருத்தம் செய்ய வேண்டுமென்று ஒரு கடிதம் தயாரித்தோம். அது இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

போன தை மாதம் உம்மா தானாகவே கேட்டா, "அந்தக் கரைப் பொம்பிளைட வாடியப் பாக்கலாமா?" என்று. முச்சக்கரவண்டி பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். தோப்பிலிருந்து மணலில் அவவை மெல்ல நடத்தினேன். காற்றில்லாத நாள். புது வரிசையும் பழைய வரிசையும் அசையாமல் நின்றன, வானத்தில் யாரோ வெள்ளைச் சோக்கால் கீறிவிட்டு மறந்துபோன மாதிரி. உடப்பு அக்கா எங்களுக்கு விளைமீன் பொரித்தாள். உம்மாவும் அவளும் ஏதேதோ கதைத்தார்கள். ஓலை இப்போது என்ன விலை, தறப்பாள் எத்தனை வருடம் தாங்கும், மூலைக் கம்பை எவ்வளவு ஆழம் நட வேண்டும் என்று இரண்டு பேரும் கொட்டில் கட்டத் தெரிந்தவர்களாகக் கதைத்தார்கள். எனக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. மணலில் கால் நீட்டி இருந்தேன்.

சாப்பிட்டபிறகு உம்மா பாயில் சரிந்தா. முக்காட்டை முகத்தில் இழுத்துவிட்டா. கொஞ்ச நேரத்தில் துணி மூச்சுக்கு மூச்சு எழும்பித் தாழ்ந்தது. அக்காவின் கணவன் சத்தம் வராமல் வலையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். கடல் மெதுவாக வந்து வந்து போனது. அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது, எழுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

"கிடக்கட்டும்," என்றாள் அக்கா.

நான் எழுப்பவில்லை.